வியாழக்கிழமைச் சட்டைகள்

மோதி பாக் குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி வீட்டுப் பூங்கோதையை அந்த பிளாக்கில் தெரியாதவர்கள் கிடையாது. பெயர் தெரியாதவர்கள்கூட, துணி காயப்போடுகிற மதராஸி அம்மா என்றால் கையை நீட்டி பால்கனியைக் காட்டிவிடுவார்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். ஏழு மணிக்கு நின்றுபோகும். அந்த ஒன்றரை மணிக்குள் டிரம் நிரம்ப வேண்டும், மிஷின் இரண்டு தடவை ஓட வேண்டும், ஓடினதை மறுபடி கையால் அலசிப் பிழிந்து கொடியில் போட வேண்டும். நடுவில் பிள்ளைகளுக்கு டிபன் கட்ட வேண்டும். முப்பத்தைந்து வருஷமாக இந்த ஓட்டத்தில் அவள் ஒரு நாளும் பின்தங்கினதில்லை. ஜுரத்தில் ஓடியிருக்கிறாள். கை எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டபோது ஒற்றைக் கையால் ஓடியிருக்கிறாள்.

"நம்ம அத்தைக்கு முருகன் ரெண்டாவதுதான். குழாயில தண்ணி விடற ஆளுதான் முதல் சாமி" என்று சின்ன மருமகள் உஷாராணி சொல்லுவாள். சொல்லிவிட்டு அவளே ஓடிவந்து வாளியைப் பிடிப்பாள். வாய் அப்படி, மனசு அப்படியில்லை.

பூங்கோதை திண்டிவனத்துக்குப் பக்கத்துப் பெண். அவள் அப்பாவுக்கு உடன்பிறந்த அக்காள் மகன்தான் இராஜமாணிக்கம். அவர் சென்ட்ரல் கவர்மெண்டில் கிளார்க்காகச் சேர்ந்து தில்லிக்கு வந்து, மூன்றாம் வருஷம் ஊருக்குப் போய் மாமன் மகளைக் கட்டிக் கூட்டிவந்தார். இரண்டு பையன்கள் பிறந்தார்கள். மூத்தவன் செந்தில்குமார், இளையவன் ரமேஷ்குமார். இராஜமாணிக்கம் ரிட்டையர் ஆனபின் ரமேஷ் பெயரில்தான் இந்தக் குவார்ட்டர்ஸ். கிழவரும் பூங்கோதையும், ரமேஷும் உஷாராணியும், அவர்கள் பிள்ளைகள் இரண்டும், செந்திலின் மனைவி மதுமதியும். ஆக வீட்டில் இருப்பது ஏழு பேர்.

கொடியில் தொங்குவது எட்டுப் பேர் துணி.

அந்த எட்டாவது ஆள் துணி வியாழக்கிழமை தொங்கும். ஆறு சட்டை, இரண்டு பேண்ட். செந்தில்குமாருடையவை. அவன் செத்து நாலரை வருஷம் ஆகிறது.

கொரோனாவின் இரண்டாவது அலையில் தில்லி மூச்சுக்கு அல்லாடிய அந்த மே மாதம், ஒரு வியாழக்கிழமைக் காலையில் அவனை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். அவன் துணி வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. ஊறவைத்த துணியை விட்டால் நாறிப்போகும் என்று பூங்கோதை மறுநாள் அதை அலசிக் காயப்போட்டாள். அஞ்சாம் நாள் போன் வந்தது. முகத்தைக்கூடக் காட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்கு. அப்பனும் தம்பியும் தூர நின்று ஒரு நீல பிளாஸ்டிக் மூட்டையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஊர் வழக்கப்படி என்றால் பங்காளிகள் வந்து, கருமாதி நடந்து, செத்தவன் உடுத்திய துணியையெல்லாம் வண்ணாரிடம் கொடுத்துவிடுவார்கள். துணி வீட்டைவிட்டுப் போனால்தான் ஆள் போனதாகக் கணக்கு. அந்த வருஷம் எந்தப் பங்காளி ரயில் ஏறினான்? தில்லியில் வண்ணாருக்கு எங்கே போவது? துணி வீட்டிலேயே நின்றுவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை தண்ணீர் வந்ததும் பூங்கோதை பீரோவைத் திறந்து அவன் சட்டைகளை எடுத்தாள். அவளாக யோசித்துச் செய்ததில்லை. கை எடுத்தது. துவைத்தாள், காயப்போட்டாள், இஸ்திரிக்குக் கொடுத்தாள், மடித்து உள்ளே வைத்தாள். அதற்கடுத்த வியாழக்கிழமையும் அப்படியே. பீரோவில் கிடந்தால் துணி மக்கிப்போகும் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. இராஜமாணிக்கம் மட்டும் ஒரு தடவை, "கோதை, போதும்மா" என்றார். அவள் காதில் விழாத மாதிரி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

முனையில் வேப்பமரத்தடியில் கரி இஸ்திரிப்பெட்டி வைத்துத் தேய்க்கிற சுக்ராமுக்கு இதெல்லாம் தெரியாது. லாக்டவுனுக்குப் பிறகு வந்தவன் அவன். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் இந்தியில் சொன்னான்: "அம்மாஜி, உங்க பெரிய பையன் ரொம்பச் சுத்தமான ஆளு. இத்தனை வருஷத்துல காலர்ல ஒரு அழுக்கு நான் பார்த்ததில்லை. ஆனா துணி ரொம்ப நைஞ்சுபோச்சு. பெட்டி வைக்கவே பயமா இருக்கு. புதுசு வாங்கச் சொல்லுங்க."

"அச்சா, சொல்றேன்" என்றாள் பூங்கோதை. படியேறும்போது சட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஊடாகக் கை தெரிந்தது. உடுத்தித் தேய்கிற துணி கழுத்திலும் முழங்கையிலும் தேயும். இது எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. அவள் கைதான் தேய்த்தது.

கார்த்திகை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுமதியின் அண்ணன் அர்விந்த் துவாரகாவிலிருந்து வந்தான். மதுமதிக்கு அப்பா அம்மா இல்லை. இருப்பது அவன் ஒருவன்தான். சோபா நுனியில் உட்கார்ந்துகொண்டு இராஜமாணிக்கத்தைப் பார்த்துப் பேசினான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நொய்டால ஒருத்தர் இருக்காரு. பேங்க் உத்தியோகம். சம்சாரம் கேன்சர்ல போயிட்டாங்க. குழந்தை இல்ல. மதுவை ஒரு ஃபங்ஷன்ல பாத்திருக்காங்க. பொங்கலுக்குள்ள பதில் கேக்கறாங்க."

"இதுல தப்பு இன்னா இருக்குது தம்பி? முப்பத்திரண்டு வயசுப் பொண்ணு" என்றார் இராஜமாணிக்கம். "மதி இன்னா சொல்லுது?"

"யோசிச்சுச் சொல்றேங்கறா."

டீத் தட்டோடு வந்த பூங்கோதை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நியாயம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. தனக்கு ஒரு மகள் இருந்து இப்படி ஆகியிருந்தால் தானே நாலு இடத்தில் சொல்லி வைத்திருப்பாள். ஆனால் மதுமதி செந்தில் கூட்டிவந்த பெண். அவன் இருமினால் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான் என்று அறிந்தவள். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் அவனுக்கென்று மிச்சம் என்ன? ரமேஷுக்கு அவன் அண்ணன், போட்டோவில் இருக்கிறான். பிள்ளைகளுக்கு முகமே நினைவில்லை. மதி போகக்கூடாது. அந்த மார்கழி முழுக்க அவளுக்கு இருந்தது அந்த ஒரே வேண்டுதல்தான். முருகனிடம் வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு மதுமதிக்கு விழுந்து விழுந்து செய்தாள். பூரி பிடிக்கும் என்று பூரி. ஆபீஸ் பைக்குள் ஆரஞ்சுப் பழம். வெந்நீர், ஸ்வெட்டர் எல்லாம் சொல்லுமுன் தயார். உஷாராணி பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்கும் நொய்டாலேர்ந்து யாராவது கேட்டு வந்தா நல்லாருக்கும் அத்தே. பூரியாவது கெடைக்கும்" என்றாள். மதுமதிகூடச் சிரித்துவிட்டாள்.

மார்கழியில் தில்லிப் பனிமூட்டம் இறங்கியது. மூன்று நாள் சூரியனே இல்லை. கொடியில் போட்ட துணி போட்டதைவிட ஈரமாகத் திரும்பி வந்தது. உஷாராணியும் ரமேஷும் கட்டில் விளிம்பிலும் கதவுமேலும் துணியைப் பரப்பி, ஹீட்டரைச் சுற்றிப் பிள்ளைகளின் சாக்ஸைப் போட்டார்கள். வீடே ஈரச் சோப்பு வாசனை. அந்த வாரம் வியாழக்கிழமைத் துணி வெள்ளி வரைக்கும் காயவில்லை. இடமில்லாமல் பூங்கோதை ஒரு நீலச் சட்டையைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் தோள் பொருந்தும்படி மாட்டி, ஹீட்டரைப் பக்கத்தில் நகர்த்திவைத்தாள். முன் அறை விளக்கை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

ஆறு மணி இருக்கும். கதவு திறக்கும் சத்தம். அப்புறம் மதுமதியின் குரல்.

"எப்ப வந்தீங்க?"

மதுமதி அந்தக் குரலில் பேசி நாலரை வருஷமாகப் பூங்கோதை கேட்டதில்லை. யாரோ விருந்தாளி போலிருக்கிறது என்று கை துடைத்துக்கொண்டு வந்தாள். ஹீட்டரின் சிவப்பு வெளிச்சத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது அந்தச் சட்டை. மதுமதி அதற்கு இரண்டடி தள்ளி, கையை நீட்டினபடி நின்றாள். பை கீழே கிடந்தது.

பூங்கோதை விளக்கைப் போட்டாள்.

"மதி..."

"லைட் போடாதீங்க அத்தே" என்றாள் மதுமதி. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன் இப்படிப் பண்றீங்க? நான் வியாழக்கிழமை ஆபீஸ்ல லேட்டுன்னு சொல்றேனே, நீங்க நம்பறீங்களா? மெட்ரோ ஸ்டேஷன்ல பெஞ்ச்ல உக்காந்திருக்கேன். நீங்க துணி எடுத்து, மடிச்சு, பீரோவுல வெக்கிற வரைக்கும். நாலு வருஷமா. கீழேர்ந்து பாத்தா பால்கனியில அவர் சட்டை ஆடுது. ஒவ்வொரு தடவையும் ஒரு செகண்ட், ஒரே ஒரு செகண்ட் அத்தே... அப்புறம் படி ஏற முடியல."

"எனக்குத் தெரியலியேம்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் துவைக்கணும்" என்றாள் மதுமதி.

பிள்ளைகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தன. உஷாராணி அவற்றை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அன்று பூங்கோதை தூங்கவில்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். இந்தப் பெண்ணை வீட்டைவிட்டு விரட்டுவது யார்? நொய்டாக்காரன் இல்லை. இந்த ஆறு சட்டைதான். சட்டை போனால் மதி இருப்பாள். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் உயிரோடு இருப்பதை வைத்துக்கொள்வோம். ஒரு வேலையென்று எடுத்தால் அரைகுறையாக விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

சனிக்கிழமை பகலில், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற பெண் தலையில் கூடையோடு கீழே கூவிக்கொண்டு போனாள். மதுமதி கடைக்குப் போயிருந்தாள். பூங்கோதை பாத்திரக்காரியை மாடிக்குக் கூப்பிட்டு ஆறு சட்டையையும் இரண்டு பேண்ட்டையும் முன்னால் வைத்தாள். அந்தப் பெண் ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அம்மாஜி, நைஞ்சுபோன துணி. இதுக்குப் பெரிய பாத்திரம் வராது."

வேறு நாளாக இருந்தால் பூங்கோதை அரை மணி வாதாடி ஒரு தூக்குச்சட்டியாவது வாங்கியிருப்பாள். அன்றைக்கு, "எது வேணா குடு, ஜல்தி எடுத்துக்கினு போ" என்றாள். அந்தப் பெண் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை வைத்துவிட்டு, இவள் மனம் மாறுவதற்குள் என்று அவசரமாக மூட்டை கட்டினாள்.

மதுமதி வந்ததும் பூங்கோதை அவளைப் பீரோ முன்னால் நிறுத்தித் திறந்து காட்டினாள். செந்திலின் தட்டு காலியாக இருந்தது. அவளே அதைத் துடைத்து, புது பேப்பர் விரித்திருந்தாள்.

"இனிமே வியாழக்கிழமை நேரா வூட்டுக்கு வா கண்ணு. ஸ்டேஷன்ல உக்காராத. எல்லாத்தியும் குடுத்துட்டேன்."

மதுமதி அந்தத் தட்டையே பார்த்தாள். "எல்லாமா?"

"எல்லாம்."

"யார்கிட்ட?"

"பாத்திரக்காரிகிட்ட."

"ஒண்ணுகூட வெக்கலையா அத்தே?" அவள் குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி ஆகிவிட்டது. "ஒண்ணாவது வெச்சிருக்கலாமே. போறப்ப நான் எடுத்துட்டுப் போகலாம்னு நெனச்சிருந்தேனே."

போறப்ப. பூங்கோதை பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டாள். பெண் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். சொல்லத்தான் வாய் வராமல் இருந்திருக்கிறது.

"போறியா மதி?"

மதுமதி தலையாட்டினாள். அழுதுகொண்டே தலையாட்டினாள்.

அந்தப் பெண்கள் வாங்குகிற பழந்துணியெல்லாம் விடிந்ததும் ரகுபீர் நகர் சந்தைக்குப் போகும் என்று சுக்ராம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தபோது பூங்கோதை ஆட்டோவில் இருந்தாள். பக்கத்தில் மதுமதி. இரண்டு பேரும் ஒரே கம்பளிச் சால்வையைப் போர்த்தியிருந்தார்கள்.

பனியில் ஒரு பெரிய திடல். பார்க்கிற இடமெல்லாம் துணிக் குன்றுகள். சட்டை, புடவை, ஸ்வெட்டர், குழந்தைச் சட்டை. நூற்றுக்கணக்கான பெண்கள் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் வியாபாரிகள் கிளறிக்கொண்டிருந்தார்கள். மதுமதி ஒரு ஓரத்திலிருந்தும் பூங்கோதை இன்னொரு ஓரத்திலிருந்தும் தேடினார்கள். நீலமாக எது தெரிந்தாலும் இழுத்துப் பார்த்தார்கள். பூங்கோதைக்குப் பார்க்கவே தேவையில்லை, விரல் பட்டாலே தெரியும். பட்டதெல்லாம் வேற்றுத் துணி.

ஏழு மணிக்குமேல் அந்தப் பாத்திரக்காரியையே கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் மூட்டையில் பாதி காலி.

"அதுவா? வந்ததுமே போயிடுச்சு அம்மாஜி" என்றாள். "அவ்வளவு தேஞ்சதை யாரும் உடுத்த வாங்க மாட்டாங்க. பட்டறைக்காரர் எடுத்துட்டுப் போனார். மிஷின் துடைக்க. நல்ல மெல்லிசா இருக்குதுன்னு சொன்னார்."

மதுமதி துணி மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். பூங்கோதையும் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீக்காரன் ஒருவன் கேட்காமலே இரண்டு குவளையை நீட்டினான்.

குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மதுமதி சொன்னாள்: "கல்யாணமாகி ரெண்டு வருஷம் இருந்தோம். ஒரு தடவைகூட நான் அவர் சட்டையைத் துவைச்சதில்ல அத்தே. நான் எடுத்தா, 'வெய்யி, நான் பாத்துக்கறேன்'னு வாங்கிக்குவீங்க."

"நீ ஆபீஸ் போற பொண்ணுன்னு..."

"தெரியும். பிரியமாத்தான் செஞ்சீங்க. ஆனா அவர் போனப்புறமும் நீங்களே வெச்சுக்கிட்டீங்க."

டீ ஆறிக்கொண்டிருந்தது. பூங்கோதை சால்வையை இழுத்து மதுமதியின் தலையை மூடிவிட்டாள். "போம்மா. நல்லாரு" என்றாள்.

தை மாதம் மலை மந்திர் முருகன் கோயிலில் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்றாலும், பழைய வீட்டு ஆட்கள் வருவதில் அர்விந்துக்குத் தயக்கம். மதுமதி பிடிவாதமாக நின்றாள். இராஜமாணிக்கம் வரவில்லை, முட்டி வலி என்று சொல்லிவிட்டார். பூங்கோதை தனியாகப் போனாள். அட்சதை போட யாரும் கூப்பிட்டுவிடக்கூடாது என்று தூணுக்குப் பின்னால் நின்றாள். தாலி ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டாள். வாழ்த்தினாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது.

மாலையும் கழுத்துமாக மதுமதி நேரே அந்தத் தூணுக்கு வந்தாள். மாப்பிள்ளையும் கூட வந்தார். சாந்தமான மனிதர். காலில் விழுந்து எழுந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பெரியம்மா முறையாம், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள், அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"நீங்க பொண்ணுக்கு என்னங்க வேணும்?"

மதுமதி வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பூங்கோதைக்குத் தெரிந்தது. மாலை வாடுமுன் செந்திலின் பெயர் இந்த இடத்தில் வேண்டாம். அவள் முந்திக்கொண்டாள்.

"பக்கத்து வூடுங்க. மோதி பாக்ல."

"அப்படிங்களா? ஊரு விட்டு ஊரு வந்து இப்படி அக்கம்பக்கம் அமையோணுமே. இருந்து சாப்பிட்டுத்தான் போகோணும், ஆமா."

"சாப்பிட்டுத்தாங்க போவேன்" என்றாள் பூங்கோதை.

மதுமதி அவள் கையை விடவில்லை. போட்டோக்காரன் கூப்பிட்டான், அர்விந்த் கூப்பிட்டான். பூங்கோதைதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அவளை அனுப்பிவைத்தாள்.

பிறகு பந்தியில் போய் உட்கார்ந்தாள். இருபுறமும் தெரியாத ஜனங்கள். இலையில் வைத்ததையெல்லாம், கடைசிப் பாயசம் வரைக்கும், ஒன்றும் மீதி வைக்காமல் சாப்பிட்டாள்.